புள்ளிக்குப் பிறகு

“ஒன்பது பேர் அவுட், சார். இன்னும் ஒருத்தர்தான் பாக்கி” என்றாள் டிசைனர்.

“எனக்கு அந்த ஒருத்தர் போதும்மா” என்றார் மேலாளர். அலுவலகத்தில் அவருக்குக் கணக்குப்புலி என்று பெயர். அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்பது போலவே நடந்துகொள்வார்.

அவர்கள் நடத்தியது, கிரிப்டோ காசை ஃபோனில் வைத்துக்கொள்ளவும் அனுப்பவும் ஓர் ஆப். ஒரு முழுக் காசின் விலை எக்கச்சக்கம் என்பதால், துணுக்குத் துணுக்காகத்தான் கைமாறும். திரையில் எப்போது பார்த்தாலும் 0.00045, 0.000405 என்று பூஜ்யங்கள் எறும்பு வரிசையாக நிற்கும்.

டிசைனர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு காசைப் பத்து லட்சம் பங்காக்கி, ஒரு பங்குக்குத் ‘துளி’ என்று பெயர் வைத்தாள். 0.00045 என்பது 450 துளி, 0.000405 என்பது 405 துளி. எது பெரிசு என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை அது.

“பூஜ்யத்தை எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்கு இந்தக் காசு?” என்பது கணக்குப்புலியின் கட்சி. பேசிப் பேசி அலுத்து, கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்தார். வெளியாட்கள் பத்துப் பேரை ஒரு நாள் கூலி கொடுத்து வரவழைப்பது. பழைய திரையில் ஐந்து தொகைகள் வரும்; பெரியதில் தொடங்கிப் பதினைந்து விநாடியில் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் பழைய திரைதான். டிசைனரின் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு சரி.

ஒன்பது பேரும் கவிழ்ந்தார்கள். அதில் ஒருவர் வங்கிக் காசாளர். “நோட்டா குடுங்க, கண்ணை மூடிட்டு எண்ணித் தர்றேன்” என்று முனகிக்கொண்டே போனார்.

பத்தாவதாக வந்தவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் வெள்ளை சிமென்ட் காய்ந்திருந்தது. உள்ளே வந்ததும் தரையைத்தான் பார்த்தார்.

“மூலையில ரெண்டு டைல் தூக்கிட்டு நிக்குதே, யார் ஒட்டினது?”

“தெரியலண்ணே. உக்காருங்க” என்று சிரித்தாள் டிசைனர். “சொந்தமா வேலை எடுத்துச் செய்றீங்களா?”

“முன்னே செஞ்சேன்மா. ஆறு பேர் வெச்சிருந்தேன். இப்பக் கூலிக்குப் போறேன்.”

“எங்க ஆப் உங்க ஃபோன்ல இருக்கா?”

அவர் சட்டைப் பையிலிருந்து பட்டன் ஃபோனை எடுத்துக் காட்டினார். “இதுல அதெல்லாம் வராதும்மா. கூலியையும் நோட்டாவே குடுத்துடுங்க.”

டிசைனருக்கு உயிர் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. “புள்ளிக்கு அப்புறம் வர்ற பூஜ்யம் இருக்கு பாருங்கண்ணே, அது…” என்று ஆரம்பித்தாள்.

“போடுங்கம்மா, பாக்கலாம்.”

சுவரில் இருந்த பெரிய திரையில் ஐந்து தொகைகள் வந்தன. 0.00045, 0.000045, 0.0045, 0.000405, 0.00054.

அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடியது. ஏழு விநாடிகூட ஆகவில்லை.

“மூணாவதுதான் பெருசு. அப்புறம் அஞ்சாவது, ஒண்ணாவது, நாலாவது. கடைசி ரெண்டாவது.”

டிசைனர் விடையைச் சரிபார்த்தாள். அத்தனையும் சரி.

“இன்னொண்ணு போடும்மா!” என்று கணக்குப்புலி எழுந்தேவிட்டார்.

அவள் வேறு ஐந்து தொகைகள் போட்டாள். இந்த முறை ஐந்தே விநாடி. மூன்றாவது முறை அவர் விரல்விட்டுக்கூட எண்ணவில்லை.

கணக்குப்புலி மேசையைத் தட்டினார். “பாத்தியாம்மா? பட்டன் ஃபோன் வெச்சிருக்கற மனுஷன்! நாள் பூரா டைல்ஸ் எண்றவருக்கு எண்ணிக்கை தண்ணி பட்ட பாடு. கவனமாப் பாக்கறவனுக்கு நம்ம திரையில ஒரு குறையும் இல்ல. விஷயம் முடிஞ்சுது.”

டிசைனர் தன் வரைபடங்களை அடுக்கத் தொடங்கினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. கூலிப் பணத்தை அவரிடம் நீட்டியபோது மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எப்படிண்ணே? பேங்க்ல இருக்கறவராலேயே முடியலையே!”

“பழக்கம்தாம்மா. ரெண்டு வருஷமாத் தூக்கம் வராதப்பல்லாம் இதைத்தான் எண்ணிட்டுக் கெடக்கேன்.”

“எதை?”

“கல்லு வெட்டற மெஷினுக்கு அட்வான்ஸ் அனுப்பினேன். விக்கறவன் இந்தக் காசாத்தான் வேணும்னான். அவசரத்துல புள்ளிக்கு அப்புறம் ஒரு பூஜ்யம் கொறைச்சுப் போட்டுட்டேன். பூஜ்யம் கொறைஞ்சா தொகையும் கொறையும்னுதானே நெனப்போம்? இதுல பத்து மடங்கு ஏறிப்போச்சு. வீட்டை வெச்சு வாங்கின பணம் மொத்தமும் ஒரே அமுக்குல போயிடுச்சு. அவன் இன்னி வரைக்கும் ஃபோனை எடுக்கல. அப்புறம் ஆப் வெச்சிருந்த என் ஃபோனையும் வித்துட்டேன்.”

கணக்குப்புலியின் குரல் இறங்கிப்போயிருந்தது. “எந்த… எந்த ஆப்புலங்க அனுப்பினீங்க?”

கதவருகே போனவர் திரும்பி, சுவரைக் காட்டினார்.

“இதே திரைதான் சார். அன்னிக்கு ஒரு தடவைதான் தப்பா எண்ணினேன். அதுக்கப்புறம் தப்பினதே இல்ல.”