மூன்று எட்டானது

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

உள்ளே ஏதோ மிதந்தது. நூல்நூலாக, வெள்ளையாக.

நான்கு நாள் விடுப்பு முடிந்து இன்று காலைதான் மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பியிருந்தாள். மாத்திரையில் மருந்து எவ்வளவு என்று அளக்கும் கருவியை ஓட்டியதும் அதில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நிறுத்தினாள். மாத்திரைக் கரைசலைக் கருவிக்குள் கொண்டுசெல்லும் பஃபர் பாட்டிலைக் கழற்றினாள்.

உப்புக் கரைத்த நீர். இங்கே அதற்கு மூன்று நாள் கணக்கு. அதற்கு மேல் வைத்தால் கிருமி வளரும். பிறகு கருவி காட்டும் எண்ணை நம்ப முடியாது.

பதினொன்றாம் தேதி கலக்கியது அவள்தான். கடைசி நாள் 13 என்று எழுதி ஒட்டியதும் அவள்தான்.

இப்போது 18 என்று இருந்தது.

மூன்றின் இடது பக்கத்தை யாரோ மூடியிருந்தார்கள். அதே நீல மை. பக்கத்திலேயே அவளுடைய கையெழுத்து.

அவள் போடாதது.

கடைசி எழுத்தின் சுழியைக்கூட அப்படியே வளைத்திருந்தார்கள்.

காது மடல் கொதித்தது.

பதிவேட்டைப் புரட்டினாள். பதினான்கிலிருந்து நேற்று வரை இந்த ஒரே பாட்டில். நான்கு பேட்ச் மாத்திரைகள். குழந்தைகளுக்கான வலிப்பு மருந்து. நான்கும் பாஸ்.

மேலாளர் தணிகாசலம் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வந்ததும் வராததுமா? கீழ ஊத்திட்டு புதுசா போடு. உப்புத் தண்ணிதானே."

"தேதிய யார் சார் மாத்துனது?"

"லாரி நிக்குதும்மா. நாலும் பாஸ்தானே ஆயிருக்கு."

"ஆயிருக்கலாம். ஆகாமலும் இருக்கலாம். இந்தத் தண்ணிய வச்சுப் பாத்தா யாருக்கும் தெரியாது. என் கையெழுத்தப் போட யார் சொன்னா?"

அவர் உள்ளே வந்தார். குழாயைத் திறந்துவிட்டு, பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

பாட்டிலின் வாயை டேப்பால் சுற்றினாள். அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பதிவேட்டில் கண்டதைக் கண்டபடி எழுதினாள். அழுத்தியதில் பேனா தாளைக் கிழித்தது.

'அனுப்பாதே' என்று அச்சிட்ட சிவப்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

லாரியில் பாதிக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. கிடங்குப் பொறுப்பாளர் அமலதாஸ் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

"இறக்கிடுங்கண்ணே. நாலு பேட்ச்சையும் மறுபடி டெஸ்ட் பண்ணணும்."

அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"மேல கேட்டா யாரு பேரச் சொல்றது?"

"என் பேரையே சொல்லுங்க. பொற்கொடின்னு."

அமலதாஸ் லாரிக்குள் இருந்தவர்களுக்குக் கை காட்டினார்.

முதல் பெட்டி இறங்கியது. அவளே ஸ்டிக்கரை ஒட்டினாள். அவசரத்தில் கோணலாக ஒட்டியது. அதன் பின் இரண்டாவது, மூன்றாவது.

தணிகாசலம் வெயிலில் வேகமாக நடந்து வந்தார். கையில் ஃபோன்.

"எம்.டி. லைன்ல இருக்காரு. நீயே பேசு."

லாரியில் இன்னும் ஏழு பெட்டிகள் இருந்தன. இறக்குகிறவர்கள் கையை நிறுத்தியிருந்தார்கள்.

அவள் ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"அதையும் இறக்குங்கண்ணே" என்றாள்.

பிறகுதான் காதில் வைத்தாள்.