நாலு மணிக்கு முன்னால்

“இன்னைக்கும் வேலை இருக்குன்னு சொன்னேன்னா, நேரா அங்கேயே வந்து உன்னை இழுத்துட்டுப் போயிடுவேன்!” போனில் பொரிந்து தள்ளினாள் கல்லூரித் தோழி. “மத்தவளுங்க லீவு போட்டுட்டுத் தியேட்டர் வாசல்ல நிக்கிறாளுங்க.”

“எப்படிடி வர்றது? நாலு மணிக்கு முன்னால யாரையும் வெளியே விடக் கூடாதுன்னு போன வாரம்தான் உத்தரவு. வாட்ச்மேன் கேட்டை விட்டு நகர மாட்டேங்கிறார்.”

“ஹாஸ்டல் சுவரையே ஏறிக் குதிச்சவ பேசற பேச்சா இது?”

சுருக்கென்று தைத்தது. எத்தனை சுவர், எத்தனை மேட்னி! இப்போது ஃபைலே கதி என்று கிடக்கிறாள்.

“எனக்கும் டிக்கெட் எடு. வர்றேன்.”

கைப்பையை மாட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் பின்பக்கம் நழுவினாள். செருப்பைக் கழற்றிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினாள். முட்டி முனகியது, அவள் காதில் வாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிச் சுவர்மேல் உட்கார்ந்தபோது, உள்பக்கம் புதருக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

புத்தகப் பைகளோடு மூன்று மாணவிகள் விறைத்துப்போய் நின்றார்கள்.

“பிரின்சிபால் மேடம்!”

அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டதே அவள்தான். அப்புறம் எந்த முகத்தோடு வாட்ச்மேனிடம் போய்க் கேட்டைத் திறக்கச் சொல்வாள்?

இறங்குவதா, குதிப்பதா? தியேட்டர் வாசலில் காத்திருப்பவர்களை நினைத்தாள். குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

“நாளைக்குக் காலையில மூணு பேரும் என் ரூமுக்கு வரணும்!”

சொல்லிவிட்டுக் குதிக்கத் திரும்பினாள்.

“வர்றோம் மேடம். ஆனா நேரா குதிக்காதீங்க, முள்ளு இருக்கு. இடது பக்கமா குதிங்க!”