வெள்ளிக்கிழமைக்கு ஒரு பூட்டு

ருமேனியாவின் க்ளூஜ் நகரத்து ஷூ ஆலை மேலாளர் ஹோரியா, தொழிற்சங்கத் தலைவி ஒட்டிலியாவின் எதிரே உட்கார்ந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆர்டர் விழுந்துபோச்சும்மா. வெள்ளிக்கிழமை ஆலையை மூடி, சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு குறைச்சாத்தான் தாக்குப்பிடிக்க முடியும்."

"எங்களைக் கலந்துக்காம குறைக்கச் சட்டத்துல இடமில்ல, சார்."

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

"சரி. ஆர்டர் வந்ததும் பழையபடி முழுச் சம்பளம். அதுவரைக்கும் ஒருத்தரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது."

"ஒத்துக்கிறேன்."

"வெள்ளிக்கிழமை உங்க ரூமுக்கும் பூட்டு. உங்க சம்பளத்துலயும் அதே வெட்டு."

"எனக்கு எதுக்கும்மா லீவு? தலைக்கு மேல வேலை கிடக்கு."

"அப்ப கையெழுத்து கிடையாது, சார்."

வேறு வழியில்லாமல் ஹோரியா கையெழுத்திட்டார். வெளியே கவலையோடு காத்திருந்த தொழிலாளர்கள், யாருக்கும் வேலை போகவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

கதவைச் சாத்திவிட்டு ஹோரியா குரலைத் தாழ்த்தினார்.

"என் லீவை எதுக்குடி இதுல இழுத்தே? வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணமான நாள்லேருந்து வீட்டுலதான் சொல்றேன், ஒரு நாளாவது என்கூட இருங்கன்னு. காதுல விழுந்துச்சா?" என்றாள் ஒட்டிலியா. "இனிமே வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் உங்க தலை தெரிஞ்சா, ஸ்டிரைக்தான்."