மூன்றாவது கியரின் ஊளை

"என்ன தம்பி, சத்தமே வரலையே?" என்றார் மார்லீன்.

"அதுதான் மேடம் இந்தக் காரோட அழகு! பூனை நடக்கிற மாதிரி போகும்" என்றான் பக்கத்து இருக்கையில் இருந்த கர்டிஸ்.

அவன் நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய கார் விற்பவன். மார்லீன் விளம்பரம் பார்த்து வந்தவர், அறுபதைத் தாண்டியவர். கார் அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. இரண்டே இருக்கை, திறந்த கூரை, கண்ணைப் பறிக்கும் சிவப்பு.

கர்டிஸ் மனதுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டான். இதன் கியர்பாக்ஸ் போட்ட கூச்சலில் இதுவரை ஓட்டிப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பாதியில் இறங்கி ஓடியிருந்தார்கள். நேற்றுதான் கெட்டியான எண்ணெயில் மரத்தூளைக் குழைத்து அதற்குள் ஊற்றி வைத்தான். எண்ணெய் சூடேறி இளகும்வரை சத்தம் அமுங்கிக் கிடக்கும். அதற்குள் இந்த அம்மாளிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

"போதும் மேடம், திரும்பிடலாமா?"

"இருங்க தம்பி, மேடு ஏறட்டும். இது என்ன, கம்பெனியிலேருந்தே சிவப்புதானா?"

"ஆமா மேடம், பெயிண்டுல கையே வைக்கல."

"இதுக்கு முன்னாடி யார் வச்சிருந்தது?"

"ஒரு பல் டாக்டர். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் எடுப்பார்."

"பாவம், நல்ல மனுஷன்" என்றபடி மார்லீன் மலைச்சாலையில் காரைத் திருப்பினார். இருபுறமும் மேப்பிள் மரங்கள் இலை பழுத்துச் சிவந்து நின்றன. மேடு கூடக் கூட, கர்டிஸின் காலடியில் ஏதோ முனக ஆரம்பித்தது.

முனகல் சிணுங்கலாகி, சிணுங்கல் ஊளையாகியது.

"காத்துச் சத்தம் மேடம்! கூரை திறந்திருக்குல்ல!"

மார்லீன் குனிந்து பார்க்காமலே இரண்டு விரலால் கியரை மூன்றாவதுக்குத் தள்ளினார். அவ்வளவுதான். நூறு ஓநாய் சேர்ந்து அழுதாற்போல ஓர் ஊளை எழுந்து மலையெங்கும் எதிரொலித்தது.

முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டான் கர்டிஸ். திறந்து பார்த்தால், மார்லீன் சிரித்துக்கொண்டிருந்தார்! கன்னமெல்லாம் ஈரம் வேறு.

"மேடம்... சத்தம் கொஞ்சம்..."

"கொஞ்சமா? காது கிழியுது தம்பி! ஒரு வருஷமா இந்த மாடல் எங்கே விலைக்கு வந்தாலும் போய் ஓட்டிப் பார்த்துட்டேன். எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு ஓடுது. அதையெல்லாம் யாரு வாங்குவா?"

இந்த அம்மாவுக்கு மறை கழன்றிருக்கிறது என்று கர்டிஸ் தீர்மானித்தான். கழன்றிருந்தால் நல்லதுதான்.

"அப்போ உங்களுக்குன்னே பொறந்த கார் மேடம் இது! முடிச்சிடலாமா?"

"முடிச்சிடலாம். கீழே ஊருக்குள்ள அர்லோன்னு ஒருத்தர் இருக்கார். அவர் காதுல இது ஒரு தடவை விழுந்துட்டா போதும், இன்னிக்கே முடிச்சிடலாம்."

யாரோ மெக்கானிக் போலிருக்கிறது. ஊளையையே ரசிக்கிறவளுக்கு மெக்கானிக் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது? கர்டிஸ் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

ஹார்ட்வெல் என்ற அந்தச் சின்ன ஊருக்குள் மூன்றாவது கியரிலேயே இறங்கினார் மார்லீன். பேக்கரிக்காரி மாவுக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். முடிவெட்டும் கடையிலிருந்து ஒருவர் முகத்தில் பாதி நுரையோடு வெளியே வந்து, சிவப்புக் காரைப் பார்த்து ஒரு கணம் விழித்து, பிறகு இரண்டு கைகளையும் தூக்கி "ஓ!" என்று கத்தினார். தேவாலய வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

கர்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையால் அடித்த பெயிண்டுக்கு இவ்வளவு மவுசா! அவனும் ராஜா மாதிரி இருபுறமும் கையசைத்தான்.

"பாத்தீங்களா மேடம்? ஊரே சொக்கிப்போச்சு!"

"ஆமா தம்பி" என்று மார்லீன் ஒரு கல்கட்டடத்தின் முன்னால் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

படியில் ஒரு பருத்த மனிதர் ஏற்கெனவே காத்திருந்தார். கர்டிஸ் துள்ளி இறங்கிக் கை நீட்டினான்.

"நீங்கதானே அர்லோ? சத்தம் கேட்டுச்சா சார்?"

"மலை உச்சியில வரும்போதே கேட்டுடுச்சு" என்றார் அவர், நீட்டிய கையை விடாமல் பிடித்துக்கொண்டு. சட்டையில் ஊர்க் காவல் தலைவரான ஷெரீஃபின் நட்சத்திரம் மின்னியது. "சட்டப்படி காரோட அடியில பொறிச்சிருக்கிற நம்பரைப் பாக்கணும் மார்லீன், பாத்துடறேன். ஆனா போன வருஷம் உன் கொட்டகையிலேருந்து எவனோ ஸ்டார்ட் பண்ணாமலே தள்ளிக்கிட்டுப் போன காரு வீட்டுக்கு வந்துடுச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."