இன்னொரு தடவை

பாதிக்கப்பட்ட பெண்களிடம் எப்படிப் பேசுவது என்று ஊர்ச் சங்கங்களுக்குப் பயிற்சி. ஒவ்வொரு சங்கமும் அப்படி ஒரு பெண்ணைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். இன்பவல்லி தன் சங்கத்தின் சார்பில் மேகலாவைக் கூட்டிவந்திருந்தாள். புருஷன் தன்மேல் கொதிநீர் ஊற்றியதை மேகலா மைக்கில் அழுதுகொண்டே சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பிரியாணி வந்தது. இன்பவல்லி முதல் வாய் வைத்தபோது பயிற்சியாளர் மேகலாவிடம் சொன்னார்: "கேமரா ஓடலம்மா. தண்ணி ஊத்துனதுலேர்ந்து இன்னொரு தடவை சொல்லிடுங்க."

மேகலா எழுந்து மைக்கை வாங்கினாள். "அதே மாதிரி அழணுமா சார்?"

"லேசா போதும்மா. சாப்பாடு ஆறுது."

இன்பவல்லி வாயிலிருந்த கறியை யாருக்கும் தெரியாமல் உள்ளங்கையில் துப்பி மூடிக்கொண்டாள். மறுபடி எல்லோரும் கைதட்டியபோது அந்தக் கையை அவளால் விரிக்க முடியவில்லை.