இடது காது

ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் பயிற்சியாளர் ஜெபராஜ், இசக்கியம்மாளின் கம்மலைக் கழற்றச் சொல்லி, இடது காதில் ஒரு கிளிப்பை மாட்டிவிடுவார். அது தோல் வழியே நரம்புக்கு மின்சாரம் அனுப்பும், களைப்பு தெரியாது என்றார்கள் கம்பெனிக்காரர்கள். போன மாதம் அவள் ஜெயித்தபோது பத்திரிகைப் படத்தில் வந்தது கிளிப் மாட்டிய அவளுடைய காது மட்டும்தான்.

இன்று மாநில அணிக்கான எண்ணூறு மீட்டர் தேர்வு.

"ஏட்டி, கம்மலைக் கழட்டு. கூப்பிடப் போறாங்க."

"மாட்டேன் சார்."

"நீ தோத்துட்டா?"

"நான் தோத்ததா இருக்கட்டும். மெஷின் ஜெயிச்சதா இருக்க வேண்டாம்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா? இது என்ன கடிக்கவா செய்யும்?" என்று அவர் கிளிப்பைத் தன் காதிலேயே மாட்டிக் காட்டினார். இசக்கி குனிந்து, அவர் கையில் இருந்த அதன் பெட்டியில், வழக்கமாக அவளுக்கு அவர் வைக்கும் அளவுக்குக் குமிழைத் திருகினாள். அவர் துள்ளிவிட்டார்.

"இதையாட்டி இத்தனை நாளும் தாங்குன?"

அவள் கோட்டில் போய் நின்றாள். துப்பாக்கி உயர்ந்தது. வெயிலில் கம்மல் மின்னியது. ஜெபராஜ் கிளிப்பைக் கழற்ற மறந்து, காதைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.