ஒற்றைச் செருப்பு

மார்ச் பதினேழு, காலை ஒன்பது மணி. பரிசோதனைக்கூடத்தில் எட்டு வயதுச் சிறுமியைத் திருடி என்று ஏசுகிறார்கள், இது அநியாயம். இவள் பிறந்தவுடன் தாய் நோயுற்று, பதினொரு மாதங்கள் வேறொரு மருத்துவமனையில் கிடந்தாள். அந்தப் பிரிவினால், பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன் இவள் உடம்பில் இன்றும் அடங்கவில்லையோ என்பது மருத்துவரின் ஐயம். அதை அளக்கத்தான் எச்சில் எடுக்கிறார்கள். தாய் அருகிலிருந்தால் அளவு மாறிவிடுமாம். அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். எச்சிலை உறிஞ்சக் கொடுத்த பஞ்சைக் கன்னத்தில் அடக்கியபடி, கதவடியில் கசியும் வெளிச்சத்தையே சிறுமி பார்க்கிறாள். அங்கே இரண்டு பாதங்களின் நிழல் தெரிகிறது. அது சற்றே அசைந்தாலும் இவள் விரல்கள் மடியிலுள்ள பையை இறுக்குகின்றன. “திருட்டு முழியப் பாரு! உங்கம்மா வாசல்ல விட்ட செருப்புல ஒண்ணக் காணோம்னு தேடுறாங்க. பைக்குள்ள என்னடி?” என்று அதட்டுகிறாள் ஆய்வகப் பெண். சிறுமி பஞ்சைத் துப்புகிறாள். “அம்மா போயிட்டாங்களா?” “ஒத்தைச் செருப்போட எங்கடி போவாங்க?” என்று அவள் சிரிக்கிறாள். சிறுமி சிரிக்கவில்லை. “அதுக்குத்தான் எடுத்தேன்.” கதவடியிலிருந்து நிழல் மெல்ல விலகுகிறது. வாசகரே, அளவு மாறினால் மாறட்டும். முதலில் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.